கும்கிக்கு கைராசி வேண்டுமா?

மந்தைவெளியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவர் மகன் மிருதங்கம் கற்கிறான். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டதிலிருந்து அந்தக் கும்கியை (வழுக்கிக்கொண்டு ஏறும் நாதம்) கொண்டுவர ஆறு மாதமாகப் போராடுகிறானாம். "அதெல்லாம் கைராசி, உனக்கு வராது என்கிறார்கள். உண்மையா?"

கைராசியாவது ஒன்றாவது. தோல், ரவை, நேரம். அவ்வளவுதான்.

தோலை இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும், பாரம் ஏற்றினால் இறங்கும். மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு, அதாவது கரணை, மேற்சுரங்களை (அடிநாதத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். சரி, மறுபக்கத்துப் பெரிய முகமான தொப்பிக்கு வருவோம். அதன் நடுவில் தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை அப்புகிறார்கள். அதில் அடிக்கும் 'தொம்' அடியாழத்துக்குப் போகிறது. (சபா ஏசியில் ரவை காய்ந்தால் சுருதி ஏறிவிடும். வித்வான் கச்சேரி நடுவே அதை ஈரப்படுத்துவது அதனால்தான்.)

அந்தத் தொம் அடங்குவதற்குள் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தோலை அழுத்தினால் இழுவிசை கூடும், அதிரும் பரப்பு குறையும். இரண்டும் சேர்ந்து சுருதியை மேலே தள்ள, நாதம் வழுக்கிக்கொண்டு ஏறும். அதுதான் கும்கி.

அதிரும் தோலைத் தொட்டால் ஒலி செத்துவிடாதா? நடுவில் தொட்டால் சாகும். தோலின் துள்ளல் பெரும்பாலும் நடுவில்தான். விளிம்பருகே அசைவு மிகக் குறைவு. கை அங்கிருந்து தொடங்கினால் துள்ளலைக் கெடுக்காமலே தோலை இறுக்கலாம். முந்தினால் ஆழம் வராது. பிந்தினால் ஏற்றுவதற்கு ஒலியே மிச்சமிருக்காது. மயிலாப்பூரில் ஒரு பட்டறையில் நானும் முயன்றேன். பத்து முறையும் 'டப்'. "ரவையைத்தான் பிசையணும் சார், தோலை இல்ல" என்றார் பெரியவர்.

பழனியின் தந்தை முத்தையா பிள்ளை, மான்பூண்டியா பிள்ளையின் சீடர். ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிக்கும் கஞ்சிரா பிறந்த பரம்பரை அது. பழனியும் கஞ்சிரா வாசித்தவர். அதில் பிடித்திருக்கும் கையின் விரலால் தோலை அழுத்தித்தான் ஒலியை வளைக்கிறார்கள். கஞ்சிராக் கைதான் தொப்பிக்குக் குடிவந்தது என்பது என் ஊகம். சோதிக்க ஒரு மைக்கும் மடிக்கணினியும் போதும். ஆனால் மிருதங்கத்துக்கு ஆராய்ச்சிப் பணமா என்று சிரிப்பார்கள். ராகுகாலம் பார்க்கும் செயலிக்கு முதலீடு கிடைக்கிறது.

அப்புறம், பழனி இடக்கைக்காரர். அவருக்குத் தொப்பி வலது கையில். படத்தைப் பார்த்துப் பழகினால் பையன் குழம்புவான். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் வாசிக்கும் வீடியோவைப் போட்டு, தொப்பிக் கை எங்கே வந்து அமர்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.