ஆகஸ்ட் மாதம் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க வேலை கிடைத்தவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டுவார்கள். அதைப் படித்துச் சொல்வது என் வேலை. "இது நல்ல கம்பெனியா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பெயரை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை. 'எய்கைவா' எனப்படும் ஆங்கில உரையாடல் பள்ளிகளில் மிகப் பெரியதாக இருந்தது நோவா. 2007 அக்டோபரில் அது திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு நின்றார்கள். சம்பளத்தில் பிடித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராததால் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்களும் உண்டு. 2010-இல் அதே போன்ற இன்னொரு பள்ளி நிறுவனமான ஜியோஸ் திவாலானது.

அதனால் நான் முதலில் பார்ப்பது, சம்பளம் தரப்போவது யார், எந்த வகை ஒப்பந்தத்தில் என்பதைத்தான். அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை என்பார்கள். 1987 முதல் நடக்கும் ஜப்பான் அரசின் 'ஜெட்' திட்டத்தில் போனால் பெரும்பாலும் உள்ளூர் அரசு அமைப்பே உங்கள் முதலாளி. தனியார் ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாகப் போனால் பள்ளிக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தமே இருக்காது. விளம்பரத்தில் மாதம் 2,30,000 யென் என்று இருக்கும்; பள்ளி விடுமுறை வரும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் அதைக் குறைத்துத் தருகிற நிறுவனங்கள் உண்டு. "ஆகஸ்டில் என் கைக்கு எவ்வளவு வரும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

'க்யோமு இதாகு' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காகிதத்தில் நீங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் நிறுவனத்தின் பங்கு கிடையாது. ஆனால் எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்வார்கள். இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம்.

வேலை நேரம் வாரத்துக்கு 29.5 மணி என்று இருந்தால் அதுவும் தற்செயலாக வந்த எண் இல்லை. 40 மணி நேர வேலை வாரத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி வேலை செய்தால் 'ஷாகாய் ஹோகென்' என்ற சமூகக் காப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். அதைத் தவிர்க்கப் பிடித்த வழி அது. 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் வாரம் 20 மணி வேலை செய்கிற பெரும்பாலானோரையும் சேர்க்க வேண்டும். ஆகவே, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

சரி, நிறுவனத்தைப் பற்றி எங்கே தேடுவது? தேசிய வரி முகமையின் தளத்தில் 13 இலக்க நிறுவன எண்ணைப் போட்டால் பதிவான பெயரும் முகவரியும் வரும். தொழிலாளர் சட்டத்தை மீறி வழக்கில் சிக்கிய நிறுவனங்களின் பட்டியலைத் தொழிலாளர் அமைச்சகம் 2017 முதல் வெளியிடுகிறது. ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். பெயரை ஜப்பானிய எழுத்திலேயே ஒட்டித் தேடுங்கள். ஒசாகாவின் ஜெனரல் யூனியன், டோக்கியோவின் டோசென் போன்ற ஆசிரியர் சங்கங்களின் பக்கங்களிலும் அதே பெயரைத் தேடுங்கள்.

பாதியில் விலகினால் இவ்வளவு யென் அபராதம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தால், ஊழியர் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. தொழிலாளர் தரச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. இவற்றையெல்லாம் இருக்கிற வேலையை விடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக வேலையைத் திரும்பப் பெறுகிற நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது.