மாடு வற்றிய இரண்டு மாதம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலை ஆறு மணிக்குப் பால் சங்கத்து வாசலில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் கேனுமாக வரிசை நிற்கும். ஒரு கரண்டிப் பாலை எடுத்து மெஷினில் வைப்பார்கள். கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) இவ்வளவு என்று எண் விழும். அதை வைத்து லிட்டருக்கு விலை போட்டு ஒரு சீட்டு வரும். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த வேலைக்கு ஓட வேண்டியதுதான். அந்தச் சீட்டுக்கு வங்கியில் என்ன மதிப்பு என்று பலருக்குத் தெரியாது. வங்கியில் உட்கார்ந்திருந்த எனக்கே ரொம்ப நாள் சரியாகத் தெரியவில்லை.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பல வருஷம் கடன் மேசையில் இருந்தவன் நான். வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் படிவம் மலையாளம். மழை பொய்த்தால் நிலக்கடலை போகும், தண்ணீர் வராவிட்டால் தென்னை வாடும். வாரம் தவறாமல் கையில் காசு பார்க்க வைப்பது மாடுதான். பால் பணம் கணக்கில் ஏறும் நாளன்று மளிகைக் கடைப் பாக்கி தீரும், தையல்காரருக்குக் கூலி போகும், ஆட்டோக்காரருக்குச் சவாரி கிடைக்கும். எங்கள் கிளையில் கூட்டத்தைப் பார்த்தே அந்த நாளைச் சொல்லிவிடலாம்.

விவசாயிகளுக்கு இருந்த கிசான் கிரெடிட் கார்டு என்ற குறைந்த வட்டிக் கடன் மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு என்று 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. அந்தக் கோடையில் ஒரு அம்மா வந்தார்.

"சார், மாட்டுக்குப் பால் வத்திருச்சுங்க. கன்னு போட இன்னும் ரெண்டு மாசம் ஆகும். தீவனத்துக்கு ஏதாச்சும் லோன் கெடைக்குமுங்களா?"

"நில வரி ரசீது இருக்குங்களாம்மா?"

இல்லை. கொட்டகையே வாடகை இடம். நிலம் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினேன். வாடகைக் கொட்டகையில் மாடு கட்டுபவருக்கும் இந்தக் கடன் உண்டு என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே இருந்தது. நான் அதை முழுசாகப் படிக்காமல் டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

அவர் தண்டல்காரரிடம் போனார். பத்தாயிரம் என்று எழுதி, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "ஆயிரத்தைந்நூறு ரூபாதானே சார் அதிகம்" என்று அவரே பின்னால் சொன்னார். அங்கேதான் ஏமாறுகிறோம். முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழுத் தொகைக்கு முன்கூட்டியே பிடித்தாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 150 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. ஏழாவது வாரத்தில் கட்ட முடியாமல், சினை மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு வாரம் பொறுத்திருந்தால் கன்றும் பாலும் கைக்கு வந்திருக்கும்.

வற்றிய மாடும் தின்னத்தான் செய்யும். வயிற்றில் கன்று வளரும் நேரம் என்பதால் தீனியைக் குறைக்கவும் முடியாது. சீட்டு வராத அந்த இரண்டு மாதத்தில்தான் தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார். இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கலாம், ஏனென்றால் சினை ஊசி போட்ட தேதி எல்லார் வீட்டிலும் தெரியும்.

சரி, கார்டு விஷயத்துக்கு வருகிறேன். இது மாடு வாங்கும் கடன் இல்லை. அதற்குத் தனிக் கடன் உண்டு. தீவனம், வைக்கோல், மருந்து, கரண்டு, ஆள் கூலி போன்ற நடைமுறைச் செலவுக்குத்தான் இந்தக் கார்டு. வட்டி 7 சதவிகிதம், இரண்டு லட்சம் வரை. தவணைத் தேதிக்குள் கட்டினால் 3 சதவிகிதம் சலுகை போக 4 மட்டும். 20,000 ரூபாய் எடுத்து ஒரு வருஷம் வைத்திருந்தால் வட்டி 800 ரூபாய். 2025 ஜனவரி முதல் விவசாயக் கடனுக்கு இரண்டு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பதும் விதி. தேதி தவறினால் சலுகை போய்விடும், அதில் கவனம் வேண்டும்.

வங்கி உங்களிடம் பார்ப்பது வருமானம் உண்மையா என்பதைத்தான். சங்கத்தில் ஊற்றிய பால் கணக்கில் தெரியும், செயலாளர் ஒரு கடிதமும் கொடுப்பார். கோடையில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று தனியார் பால் வேன் வருகிறது பாருங்கள், அதில் ஊற்றிய பால் எங்கேயும் தெரியாது. ரொக்கத்தை வாங்கி மடியில் கட்டியதோடு சரி. மழைக்குப் பின் பால் பெருகும்போது அதே வேன் விலையைக் குறைக்கும், சில நாள் வரவே வராது. கூடுதல் காசு கிடைக்கும் இடத்தில் ஊற்றுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, எனக்கும் சம்பளம் கூடினால் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வேளைப் பாலையாவது சங்கத்தில் ஊற்றி வையுங்கள். சங்கத்துக்கு வரும் லிட்டர் குறைந்தால் தீவனமும் மாட்டு இன்சூரன்ஸும் தேடிப் போக வேண்டிவரும். கணக்கில் பணம் ஓடாத ஊரில் கிளையும் ஏ.டி.எம்.மும் எத்தனை நாள் இருக்கும்?

இன்னொரு தலைவலி, பெயர். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். இங்கே ரேஷன் கார்டில் அது பின்னால் போயிருக்கும், அல்லது வீட்டுப் பெயர் சேர்ந்திருக்கும். சங்கத்துப் பதிவேட்டில் கணவர் பெயர். ஒரே ஆள், மூன்று பெயர். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. பால் ஊற்றுவது நீங்கள் என்றால் சங்கக் கணக்கையும் உங்கள் பெயருக்கே மாற்றுங்கள், ஆதாரில் உள்ளபடி. மாட்டின் காதில் போட்ட மஞ்சள் வில்லை விழுந்துவிட்டால் உடனே மாட்டாஸ்பத்திரியில் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் கேட்கும்போது அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

அந்த அம்மா இப்போது மறுபடியும் ஒரு மாடு வைத்திருக்கிறார். கார்டும் உண்டு, அதை எழுதியவன் நான்தான், இரண்டு வருஷம் தாமதமாக. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்தார். அந்தப் பெண் கையில் ஆறு மாதத்துப் பால் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தது.

"கார்த்திகைல இவ மாடு வத்திருமுங்க சார். இப்பவே எழுதிக் குடுத்துருங்க."