ஐப்பசிப் பணமும் கார்த்திகை மந்தமும்

ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கும் என்னிடம் கணக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் போர்வை, படுக்கை விரிப்பு, சேலை ஆகியவற்றை இணையத்தில் விற்கும் சிறு வியாபாரிகள். ஆண்டில் இரண்டு முறை, ஆடி பிறந்து பத்து நாள் கழித்தும் தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்தும், ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "ஆர்டரே விழமாட்டேங்குதுங்க சார், ரேட்டைக் குறைச்சுப் போட்றட்டுங்களா?" என்பார்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், தீபாவளிக்கு வந்த பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பேன். மறுமுனை சற்று நேரம் மௌனமாகிவிடும்.

மந்த மாதத்தில் தொழிலை விட்டவர்களில், விற்பனை குறைந்ததால் விட்டவர்களைவிட, விற்பனை உச்சத்தில் இருந்தபோது வங்கியில் விழுந்த தொகை முழுவதையும் தம் பணம் என்று நினைத்துச் செலவழித்ததால் விட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் வரும் பணத்தில் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி இருக்கிறது. தறிக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் தர வேண்டிய கடன் பாக்கி இருக்கிறது. இன்னும் திரும்பி வராத, ஆனால் வரப்போகிற சரக்கின் விலையும் இருக்கிறது. இந்த மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வியாபாரியின் பணம்.

சென்னிமலையைச் சேர்ந்த ஒரு வியாபாரி, நல்ல தீபாவளி விற்பனை தந்த தெம்பில், கையில் இருந்ததைப் போட்டுச் சரக்கு ஆட்டோ ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டார். கார்த்திகை பிறந்ததும் அவர் வீட்டு முன்னறையில், திரும்பி வந்த பிளாஸ்டிக் உறைகள் இடுப்பளவுக்குக் குவிந்தன. நான் போயிருந்தபோது ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அவர் அனுப்பிய புது விரிப்பு இல்லை, மஞ்சள் கறை படிந்த யாரோ ஒருவருடைய பழைய விரிப்பு அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. உறையைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து, இணைய விற்பனைத் தளம் குறித்துள்ள கெடுவுக்குள் முறையிட்டிருந்தால் நஷ்டஈடு கிடைக்க வழி உண்டு. அவரோ பத்து நாள்களாக உறைகளைத் தொடவே இல்லை. அந்த வாரம் தளத்திலிருந்து அவருக்கு வர வேண்டிய தொகை, கழிவுகளெல்லாம் போக, கழித்தல் குறியோடு வந்தது. போதாக்குறைக்கு, திரும்பி வந்த சரக்குக்கு வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) போட்டு விற்பனையிலிருந்து கழிக்காததால், விற்காத விரிப்புகளுக்கும் வரி கட்டியிருந்தார்.

இனி, விலைக் குறைப்பு. எடுத்துக்காட்டாக, 5 சதவீத வரி உட்பட 600 ரூபாய்க்கு விற்கும் ஒரு விரிப்பை எடுத்துக்கொள்வோம். வரி போக 571 ரூபாய் நிற்கும். அதில் கொள்முதல் 300, கமிஷனும் கூரியரும் சேர்ந்து தளத்தின் கட்டணம் 150, உறை, அட்டை, டேப் என 11 ரூபாய் என்று வைத்தால் லாபம் 110. மந்தம் என்று 15 சதவீதம் தள்ளுபடி தந்தால் விலை 510 ஆகும். வரி போக நிற்பது 486. கமிஷன் குறைவதால் கட்டணம் 141 ஆனாலும் லாபம் 34 ரூபாய்தான். அதாவது, தள்ளுபடிக்கு முன்பு கிடைத்த அதே லாபத்தை எடுக்க மூன்று மடங்குக்கும் மேல் விற்றாக வேண்டும். அதுவும் வாங்குவோர் குறைந்திருக்கும் மாதத்தில். இடையில் ஒரு விரிப்பு திரும்பி வந்து, போகவர 130 ரூபாய் கூரியர் நம் தலையில் விழுந்தால், ஏறத்தாழ நான்கு விரிப்பு விற்ற லாபம் அதோடு போய்விடும். விளம்பரச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை. தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டுக் கிடங்கு வாடகையை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யும் விலைக் குறைப்பு வேறு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஓடுகிற சரக்கின் விலையைப் பயத்தில் குறைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மந்தம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஆடியில் நம் ஊரில் கல்யாணம் இல்லை என்பதால் சேலை விற்காது என்று முடிவு கட்டி, சரக்கையே ஏற்றாமல் இருப்பவர்கள் உண்டு. கடைவீதியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரியான கணக்குதான்; ஹைதராபாத்துக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்புகிறவருக்குச் சரியல்ல. தெலுங்கு, கன்னட நாட்டாரின் ஆஷாட மாதம் அமாவாசைக் கணக்கில் வருவதால், பெரும்பாலும் நமது ஆடி நடக்கும்போதே முடிந்து சிராவணம் பிறந்துவிடும். வரலட்சுமி விரதமும் முகூர்த்தங்களும் சேர்ந்து அங்கே சேலை வாங்கும் காலம் அது. கேரளத்தில் கர்க்கடகம் நம் ஆடியைப் போலவே மந்தம், ஆனால் அதை அடுத்து ஓணம். வங்காளத்தில் துர்கா பூஜைக்கான கொள்முதல் அதற்குப் பின் சூடுபிடிக்கும். இதை அறியப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஓராண்டு ஆர்டர் அறிக்கையைத் தரவிறக்கி, பின்கோட்டின் முதல் எண்ணை வைத்துப் பிரித்தாலே போதும்: 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும், 7 என்றால் வங்காளமும் ஒடிசாவும் வடகிழக்கும். பவானியிலிருந்து சேலை அனுப்பும் ஓர் அம்மாவின் கணக்கை இப்படிப் பிரித்தபோது, அவருடைய ஆர்டர்களில் பாதிக்கு மேல் 5இல் தொடங்கின. அதற்கு முன்பு ஆண்டுதோறும் ஆடி முழுவதும் பாக்கிங் ஆட்களுக்கு விடுப்புக் கொடுத்துவந்தவர் அவர்.

எந்த உபாயமும் பலிக்காத மந்தமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. 1000 ரூபாய்க்கு மேல் 2500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கும் விரிப்புக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. இடைப்பட்ட ஐந்து வாரங்களில், 1400 ரூபாய் விரிப்பு சில நாள் பொறுத்தால் 87 ரூபாய் குறையும் என்று தெரிந்தவர் ஏன் வாங்குவார்? அந்த நாள்களில் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டியவர்கள், செப்டம்பர் 23 அன்று பெரிய தளங்களின் பண்டிகை விற்பனை தொடங்கியபோது செலவழிக்கக் காசில்லாமல் நின்றார்கள்.

ஆர்டர் குறைந்த மாதத்தில் கவனிக்க வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. விற்பனையே இல்லை என்றாலும், ஜிஎஸ்டிக்குக் கணக்குக் காட்டும் 3பி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50 ரூபாய் தாமதக் கட்டணம். மாதந்தோறும் தாக்கல் செய்பவர் ஆறு மாதம் தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் பதிவையே ரத்து செய்ய இடமுண்டு. தளங்கள் நம் விற்பனையில் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான ஜிஎஸ்டி டிசிஎஸ், 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம். அது தானாக, வரி கட்டப் பயன்படும் நம் ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டுக்கு வராது. ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ளே போய் ஏற்பு கொடுத்தால்தான் வரும். மாதம் மூன்று லட்சத்துக்கு விற்பவருக்கு 1500 ரூபாய், ஆண்டுக்கு 18,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளாக அதைத் தொடாமலே வைத்திருந்த ஒருவர், நான் சொன்னபோது அது தளம் தின்றுவிட்ட பணம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

மந்தத்தில் கடன் கொடுக்க மட்டும் ஆள் குறையாது. செயலிகள் ஐந்து நிமிடத்தில் பணம் தருகின்றன; திருப்பிப் பிடிப்பது அன்றாடம் வரும் விற்பனைத் தொகையிலிருந்து. பெயர் எப்படி இருந்தாலும் அது தண்டல்தான். சரக்கு கையிருப்பில் இருந்து, அது விற்கும் மாதமும் தெரிந்திருந்தால் வாங்கலாம்; பழைய பாக்கியை அடைக்க வாங்கக் கூடாது.

பவானி அம்மா மூன்று ஆண்டுகளாக வேறொரு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார். தளத்திலிருந்து பணம் வரும் நாளில், வரிக்கும் தறிக்காரருக்கும் உரியதோடு, போன ஆண்டு அதே மாதத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வந்ததோ அந்த அளவும் அதில் போய்விடும். ஏடிஎம் அட்டையை மகனிடம்கூடத் தருவதில்லை. போன கார்த்திகையில் வரியும் பாக்கியும் திரும்பி வந்த சரக்கும் போக அதில் கொஞ்சம் மிஞ்சியது. ஒரு செவ்வாய்க்கிழமை ஈரோட்டு ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட்டுக்குப் போய், கையில் காசு தேவைப்பட்ட ஒரு மொத்த வியாபாரியிடம் ரொக்கத்துக்குப் பேசி, தீபாவளிக்கு முன் கடனுக்கு எடுத்த அதே ரகத்தைச் சேலைக்கு 40 ரூபாய் குறைத்து எடுத்துவந்தார்.