சர்ஃப் போர்டை வாடகைக்கு எடுக்க முதல் ஃபின்னைத் தடவிப் பாருங்க

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் திங்கட்கிழமை எண்டா கொழும்புல எங்கட அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெலிகம, ஹிக்கடுவ பக்கம் வீக்எண்ட் சர்ஃபிங் போய் அடிபட்டு வந்த ஒருத்தராவது இருப்பாங்க, அது முடிய அறுகம்பே சீசன் துவங்கிடும். போக முதல் எல்லாரும் கேக்கிறது சுறா இருக்குமா எண்டுதான். சுறாவை விடுங்க, நான் தையல் போடுறதுல பெரும்பாலானது அவங்கட சொந்த போர்டே வெட்டின காயம். வெளிநாட்டு ஆய்வுகள்லயும் இதே கதைதான்.

எப்பிடி நடக்குது எண்டா, விழுந்ததும் அலை போர்டை இழுத்துக்கொண்டு போகும், போர்டையும் காலையும் கட்டியிருக்கிற லீஷ் கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டுப் பிறகு சட்டெண்டு திரும்பி வரும், சரியா அந்த நேரம் பார்த்து நீங்க தலையைத் தூக்குவீங்க. அதால மேல வரேக்க ரெண்டு கையாலயும் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வாங்க. போர்ட் நுனி கண்ணுல குத்தி வாறதுதான் எனக்குப் பயம். கண்ணைக் கசக்காம, அமத்தாம, ஒரு பேப்பர் கப்பால மூடிக்கொண்டு நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

புதுசா பழகிறவங்களுக்கு எட்டு, ஒம்பது அடி சொஃப்ட் டொப் போர்ட் போதும். ஃபோட்டோவுக்கு வடிவா இருக்குமெண்டு கூரான ஃபைபர் போர்டைக் கேக்காதீங்க ப்ளீஸ். ஆனா மேல ஸ்பொஞ்ச் இருக்கு எண்டு மட்டும் நம்பவும் ஏலாது, சில வாடகை போர்ட்ல கீழ மீன் செட்டை மாதிரி நிக்கிற ஃபின் கட்டி பிளாஸ்டிக், மணல்லயும் கல்லுலயும் உரசி உரசி ஓரம் கத்தி மாதிரி ஆகி இருக்கும், பெருவிரலால மெதுவா தடவினாலே தெரியும், சொரசொரண்டு பிடிச்சா வேற போர்ட் கேளுங்க, மாத்தித் தருவாங்க. வளையிற ரப்பர் ஃபின் எண்டா இன்னும் நல்லம். உடைஞ்ச இடத்தில டேப் ஒட்டியிருந்தாலும் எடுக்காதீங்க, உள்ளுக்கு ஃபைபர் பிஞ்சு நிக்கும்.

லீஷ் கிட்டத்தட்ட போர்ட் நீளத்துக்கு இருக்கோணும். வெல்க்ரோ பிடிக்குதா, வயர்ல வெட்டு இருக்கா எண்டு பாருங்க. அதை விரல்ல சுத்திப் பிடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், அலை இழுத்தா விரலே போகும்.

முருகைக்கல் கிழிச்சா சின்னக் காயம்தானே எண்டு பிளாஸ்டர் ஒட்டாம சுத்தமான தண்ணியால நல்லா நேரமெடுத்துக் கழுவுங்க, துணுக்கு உள்ளுக்க நிண்டா சீழ் பிடிக்கும். ஏற்பூசியும் (டெட்டனஸ் ஊசி) கடைசியா எப்ப போட்டதெண்டு பாருங்க.

இன்னொண்டு, அடியே படாம வாறது. 2004ல ஹவாய் டொக்டர்மார் எழுதின பிறகுதான் இதுக்கு சர்ஃபர்ஸ் மயலோபதி எண்டு பேர் வந்தது. அரிதுதான், ஆனா பெரும்பாலும் முதல் நாள் பழகிறவங்களுக்குத்தான் வரும். போர்ட்ல குப்புறப் படுத்து முதுகை வளைச்சபடியே கனநேரம் கிடக்க முள்ளந்தண்டுக்குப் போற ரத்தம் குறையுது எண்டுதான் நினைக்கிறாங்க. திடீரெண்டு முதுகு வலிச்சு, கால் விறைச்சு, சலம் போக கஷ்டமா இருந்தா பாம் பூசிக்கொண்டு ரூம்ல படுக்காதீங்க, உடனே கரைக்கு வந்து 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க.