ஃபுளோரசன்ஸ்: உடனொளிர்வு

கும்பகோணம் கொழுந்து வெற்றிலை நாலைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைச் சாறு கிடைக்கும். இருட்டறையில் அதன்மேல் புற ஊதா டார்ச்சை அடித்தால் சாறு சிவப்பாக ஒளிரும். டார்ச்சை அணைத்ததும் சிவப்பு போய்விடும். இலையின் பச்சையம் செய்கிற இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஃபுளோரசன்ஸ் என்று பெயர்.

இந்தச் சொல்லை 1852இல் உருவாக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர். இதே குணம் கொண்ட ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தார். அந்தக் கனிமத்துக்குப் பெயர் வந்ததோ உலோகம் உருக்குகிற உலையிலிருந்து. அதைச் சேர்த்தால் கசடு சீக்கிரம் இளகி ஓடும். லத்தீனில் ‘ஃபுளுவெரே’ என்றால் ஓடுதல். ஆக, சொல்லின் வேரில் ஒளியே கிடையாது.

தமிழில் சிலர் வெறுமனே ‘ஒளிர்தல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதாது. வயல் வரப்பில் மின்மினியும் ஒளிர்கிறது, ஆனால் தன் உடம்புக்குள் நடக்கும் வேதிவினையால். விளக்கணைத்த பிறகும் மினுங்குகிற நட்சத்திர ஸ்டிக்கர் நின்றொளிர்கிறது. வாங்கிய ஒளியைப் பெரும்பாலும் சில நானோவினாடிக்குள் வேறு நிறத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவதை ‘உடனொளிர்வு’ என்பதே சரி. ‘உடன்’ என்பதில் ‘கூடவே’, ‘உடனடியாக’ இரண்டுமே இருக்கின்றன.

நிறம் மாறுகிறதே, அதில்தான் உயிரியலாளர்களுக்குப் பிழைப்பு. செல்மேல் அடிக்கும் ஒளி கேமராவுக்குப் போகாமல் நுண்ணோக்கியிலுள்ள வடிகட்டி (ஃபில்டர்) தடுத்துவிடும். உடனொளிர்வு மட்டும் கேமராவுக்கு வரும். நெல்லையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் குளூட்டலின், புரோலமின் என்ற இரண்டு சேமிப்புப் புரதங்கள் செல்லுக்குள் வெவ்வேறு வகை உருண்டைகளில் அடைந்திருக்கின்றன. புரோலமின் உருண்டை நம் குடலில் எளிதில் செரிப்பதில்லை. அதனால் எந்தப் புரதம் எதற்குள் என்பது சோறு தின்கிற நமக்கு முக்கியமான கேள்வி. தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டுகிற எதிர்ப்பொருளில் உடனொளிர் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். இல்லையென்றால் பச்சையாக உடனொளிரும் புரதத்தை மரபணு வழியாக இணைக்கலாம். அது 1962இல் ஒசாமு ஷிமொமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்தது. அந்தப் புரதத்துக்காக 2008இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தானியங்கி நுண்ணோக்கி, செல் மாதிரிகள் வைத்த 96 அல்லது 384 குழிகள் உள்ள தட்டில் குழி குழியாகத் தானே நகர்ந்து, தானே குவியம் பிடித்து, வடிகட்டியை மாற்றி மாற்றிப் படமெடுக்கும். அப்புறம் மென்பொருளின் வேலை. நியூக்ளியஸ் சாயத்தை வைத்து ஒவ்வொரு செல்லையும் அடையாளம் காணும். தேடும் புரதத்துக்குப் பச்சை, செல்லுக்குள் ஏற்கெனவே தெரிந்த ஒரு நுண்ணுறுப்புக்குச் சிவப்பு என்றால், இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று படப்புள்ளிதோறும் கணக்கிடும். இந்த ஒத்துப்போதலை அளக்கிற பியர்சன் கெழு என்ற எண் 1ஐ நெருங்கினால் புரதம் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குள் இருப்பவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும் ஒன்றாகவே தெரியும். நெல் இலையில் இன்னொரு தொல்லை: பச்சையத்தின் சொந்தச் சிவப்பு மென்பொருளை ஏமாற்றும். இதைத் ‘தன்னுடனொளிர்வு’ எனலாம்.

‘உடனொளிர்’ வினையாகவும் நிற்பதால் உடனொளிர்கிறது, உடனொளிரும், உடனொளிராத என்று தாராளமாக எழுதலாம். உடனொளிர் சாயம், உடனொளிர் புரதம், உடனொளிர்வு நுண்ணோக்கி எல்லாம் இதிலிருந்தே கிடைத்துவிடுகின்றன.