எதிரணியை அளப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து மார்ச் மாதத்தில் சூடு பிடிக்கும். நியூயார்க்கில் இரவு 7 மணிக்கு நடக்கும் ஆட்டம் மலேசியாவில் நமக்கு மறுநாள் காலை 7 மணி. சுங்கை சிப்புட்டில் பசியாறும்போதே கைப்பேசியில் அதைப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வியாழன் ஓர் அணியை வென்றவர்கள், இடையில் ஒரே நாள் விட்டு, சனிக்கிழமை வேறோர் அணியோடு மோதுவார்கள். அதற்குள் எதிரணியின் அசைவுகளை எப்படிப் படித்துவிடுகிறார்கள்?

வரப்போகும் எதிரணியின் ஆட்டத்தை நேரில் போய்க் கவனிக்க, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ பொதுவாக அனுமதிப்பதில்லை. எல்லாம் காணொளிதான். துணைப் பயிற்றுநர் ஒருவர் பொறுப்பெடுத்து, அண்மைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

ஆனால் அதற்கு முன் கணக்கு. ஆட்டத்துக்கு 80 புள்ளி எடுக்கிறார்கள் என்றதும் மிரள வேண்டாம். பந்து எத்தனை முறை அவர்கள் வசம் வந்தது என்று கேட்க வேண்டும். 80 வாய்ப்பில் 80 புள்ளி எடுக்கும் அணியைவிட, 65 வாய்ப்பில் 70 எடுக்கும் அணிதான் ஆபத்தானது. வாய்ப்புகளை எண்ண ஒரு வழி உண்டு. கூடையை நோக்கிய வீச்சுகள், பறிகொடுத்த பந்துகள், ஃப்ரீ த்ரோக்களில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சுகள்) 0.44 பங்கு மூன்றையும் கூட்டி, தாக்கும்போது பிடித்த ரீபவுண்டுகளை (கூடையில் விழாமல் திரும்பிவரும் பந்துகள்) கழித்தால் போதும்.

டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் இதையொட்டி நான்கு காரணிகளைப் பிரித்துக் காட்டினார்: வீச்சின் துல்லியம், பறிகொடுத்த பந்து, தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. துல்லியத்துக்கு மட்டும் ஏறக்குறைய 40 விழுக்காடு எடை கொடுத்தார்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் துல்லியம்தான் குறைந்த ஆட்டங்களை வைத்துப் பார்க்கும்போது அதிகம் ஏமாற்றும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 35 விழுக்காடு போடக்கூடிய ஒருவர் 20 முறை எறிந்தால் 5 பந்தும் விழலாம், 9 பந்தும் விழலாம். இரண்டுமே சாதாரணம். ஒன்பதைப் பார்த்துப் பயந்து இருவரை அவர்மேல் ஏவினால் உள்பக்கம் திறந்துவிடும். ஆகவே விழுந்த பந்தைவிட எறிந்த இடத்தை நம்புவதே சரி. ஒருவர் எங்கே நின்று எறிகிறார், எந்தக் கையால் பந்தைத் தட்டிக்கொண்டு நுழைகிறார் என்பவை பழக்கங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அவ்வளவாக மாறாது.

‘பிக் அண்ட் ரோல்’ என்ற தாக்குதல் உத்தியில் இது நன்றாகத் தெரியும். உயரமான ஆட்டக்காரர் தடுப்பாக வந்து நிற்க, பந்து வைத்திருப்பவர் அவரை உரசிக்கொண்டு போவார். வலப்பக்கம் போனால் கூடைவரை ஓடுகிறவர், இடப்பக்கம் தள்ளப்பட்டால் பாதியிலேயே நின்று எறிகிறாரா? அப்படியென்றால் வலப்பக்கத்தை அடைத்து, அவரை இடப்பக்கம் போக விட வேண்டும். கோட்டுக்குள் நின்று எறியும் தூர வீச்சுக்கு இரண்டே புள்ளி. தடுக்கிறவருக்கு அதுதான் லாபம்.

அப்புறம், கண்டுபிடித்த அனைத்தையும் வீரர்களிடம் கொட்டக் கூடாது. ஓர் எதிராளிக்கு இரண்டு குறிப்பு போதும். ஓடும்போது அதற்குமேல் மனத்தில் நிற்காது. கல்லூரிகளில் அதிகம் களமிறங்காத வீரர்களை ‘ஸ்கவுட் டீம்’ ஆக்கி, எதிரணியைப் போலவே ஆட வைத்துப் பழகுவார்கள்.

நம் இடைநிலைப்பள்ளி அணிகளும் இதைச் செய்யலாம், விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் திடலை வரைந்து, எதிரணி எறியும் இடத்திலெல்லாம் புள்ளி வையுங்கள். பந்து விழுந்ததா இல்லையா என்பதை வேறு நிறத்தில் பிறகு குறிக்கலாம்.