மாலை ஐந்து மணிக்கு அணையும் ஏசி

மொட்டை மாடியில் சோலார் பலகை வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கடலோர ஊரில், நூறு வயது தாண்டிய கட்டடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம். மாடிக்கு ஏறும் முன் சுவடி அறைக்குப் போனேன். ஏசியை எப்போது அணைப்பீர்கள் என்று கேட்டதற்குக் காவலர் சொன்னார்: "அஞ்சு மணிக்கு டாண்ணு அணைச்சிடுவேன் சார். கரன்ட் மிச்சம்."

கரன்ட் மிச்சம்தான். சுவடிக்குத்தான் கேடு. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்காற்று, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வேர்த்துவிடும். பகலெல்லாம் 22 டிகிரியில் இருந்த பெட்டியின் மேல் ராத்திரி அந்தக் காற்று படிகிறது. காலையில் மறுபடி ஏசி. ஓலை தினமும் ஊதிச் சுருங்குகிறது. சுவடிக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஓரங்கள் சுருண்டிருந்தன, மரச்சட்டத்தில் மாவு தூவியதுபோல் பூஞ்சை. என்னைக் கேட்டால், இப்படிப் பாதி நாள் ஏசி போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம்.

சரி, 24 மணி நேரமும் ஓடவிடலாமா? தேவையில்லை. அருங்காட்சியகம் என்றால் 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்ற பழைய கணக்கு குளிர் நாடுகளில் பிறந்தது. ஐஐசி, ஐகாம்-சிசி என்ற இரு பன்னாட்டுப் பாதுகாப்பாளர் அமைப்புகள் 2014இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையே, அந்தந்த ஊர் வானிலைக்கு எட்டுகிற அளவுகளை வையுங்கள், ஏசி இருந்தே தீரும் என்று எண்ணாதீர்கள் என்கிறது. பச்சை நோய் பிடித்த, அதாவது ஈரத்தில் பச்சைப் பொடியாக அரிக்கத் தொடங்கிய, வெண்கலச் சிலைக்கு உலர்ந்த காற்று கட்டாயம் வேண்டும். அதற்கு அந்தச் சிலை இருக்கும் பெட்டியை உலர்த்தினால் போதும், கூடத்தையே உலர்த்த வேண்டாம்.

அப்புறம்தான் மாடி ஏறினேன். பழைய பாணிக் கூரை, அசல் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், சாய்த்து அடுக்கிய செங்கல், சுண்ணாம்புச் சல்லி, மேலே தட்டோடு. யாரோ ஒழுகுகிறதென்று அதன்மேல் சிமென்ட் பூசி, தார் ஷீட்டும் ஒட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு குடித்த நீரை வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். மேலே மூடினால் அதற்கு வழி கீழேதான். உத்தரத்தின் முனையைச் சாவியால் குத்தினேன், சோப்பில் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே இருந்த ஈரத்தில் ஒரு பங்கு கடற்காற்றில் வந்ததல்ல, இந்தக் கூரையிலிருந்து இறங்கியது.

சிமென்டை உரித்துச் சுண்ணாம்புப் பூச்சுக்கே திரும்பினோம், வெள்ளையும் அடித்தோம். அறையைச் சுடவைத்த ஹாலஜன் விளக்குகளுக்குப் பதில் எல்இடி, சுவடிக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளி. பெட்டிகளுக்கு இடுக்கில்லாத மூடி, அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். சோலார் வந்தது கடைசியில். குறைந்துபோன தேவைக்குத்தான் என்பதால், முதலில் கேட்டதில் பாதிக்கும் கீழே.

சுவடி அறையில் இப்போது ஏசி ஓடுவதில்லை. ஜெல் ஈரம் குடித்து ஆரஞ்சிலிருந்து பச்சையானதும் எடுத்துச் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைப்பது அதே காவலர்தான்.